தீராத வயிற்றுவலியா, தீர்க்காத வயிற்றுவலியா?

காலையில் டீக்கடை பெஞ்சில் கிடக்கிற தினசரியை எடுங்கள். ஐந்தாம் பக்கமோ ஏழாம் பக்கமோ, மாவட்டச் செய்திகளுக்கு நடுவில், விரற்கடை அகலத்துக்கு ஒரு செய்தி இருக்கும். ஒரு கூலித் தொழிலாளி, அல்லது ஒரு உப்பளத் தொழிலாளி, அல்லது கல்யாணமாகாத ஒரு பெண். ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார்’ என்று இருக்கும். ‘பல இடங்களில் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லை’ என்று இருக்கும். ‘வாழ்க்கையில் வெறுப்படைந்து’ என்று முடியும். கடைசி வரியில் போலீசார் விசாரணை நடத்தி வருவார்கள். நாம் டீயைக் குடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

முப்பது வருஷமாக இந்தச் செய்தியைப் படித்து வருகிறேன். ஆள் பெயர் மாறுகிறது, ஊர்ப் பெயர் மாறுகிறது, அந்தத் ‘தீராத’ மட்டும் மாறவே இல்லை. எந்தப் புண், எந்தக் குடல், எந்த மருத்துவர் பார்த்தார், என்ன பரிசோதனை செய்தார், ஒன்றும் இருக்காது.

இதில் ஒரு பகுதி பொய் என்பது இயக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சாதி மீறிக் காதலித்த பிள்ளை செத்துப்போனால், சீதனத்துக்காக மருமகள் செத்துப்போனால், எழுதுவதற்குக் கைவசம் தயாராக இருக்கிற காரணம் வயிற்றுவலிதான். முன்பு 174 என்று எழுதினார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 194 ஆகியிருக்கிறது. பிரிவு எண்தான் மாறியது, வயிற்றுவலி அப்படியே இருக்கிறது. அந்த மாதிரிச் சாவுகளில் நாம் போய் நின்றிருக்கிறோம், மறு பிரேதப் பரிசோதனை கேட்டிருக்கிறோம், மறியல் செய்திருக்கிறோம். சரி. ஆனால் மற்றவை? உண்மையாகவே வயிற்றுவலியில் துடித்து, உண்மையாகவே வாழ முடியாமல் போனவர்களின் சாவுக்கு நாம் ஒரு நாளாவது போய் நின்றிருக்கிறோமா? ‘பாவம், வயித்து வலியாம்’ என்பதோடு முடித்துக்கொண்டோம். பொய் வயிற்றுவலிக்கு நம்மிடம் அரசியல் இருக்கிறது. மெய் வயிற்றுவலிக்கு இல்லை. அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். நாட்டிலேயே இரண்டாவது இடம். மொத்தத்தில் 18 சதத்துக்கு மேல் காரணம் ‘நோய்’. செத்தவர்களில் 26 சதத்துக்கு மேல் தினக்கூலிகள். அந்த அட்டவணையில் புற்றுநோய்க்குக் கட்டம் உண்டு, பக்கவாதத்துக்குக் கட்டம் உண்டு. வயிற்றுவலிக்குக் கிடையாது. ‘பிற நீடித்த நோய்’ என்ற குப்பைக் கூடைக்குள் அது போய்விடுகிறது. (இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் வலியோடு முடங்கிக் கிடக்கிறவருக்கு, அப்படியொரு நினைப்பு வந்துபோனால் 14416க்கோ 104க்கோ பேசுங்கள். இலவசம். தமிழிலேயே பேசலாம். வலிக்கு வைத்தியம் இருக்கிறது என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.)

வயிற்றுவலி தமிழர்களுக்குப் புதிதல்ல. தமிழ்ச் சமய வரலாற்றையே ஒரு வயிற்றுவலி திருப்பிப்போட்டிருக்கிறது. சமண மடத்தில் தருமசேனராக இருந்தவருக்குச் சூலை நோய் வந்தது, சமணர்களின் மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை, அக்காள் திலகவதி திருவதிகையில் திருநீறு கொடுத்தாள், வலி போனது, அவர் அப்பர் ஆனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தச் சூலை என்ன நோய், குடல்புண்ணா பித்தப்பைக் கல்லா, நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு வலி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து என்னடா செய்கிறது என்று கேட்க ஆள் இருந்தது, போய்ச் சேர ஒரு இடம் இருந்தது, கதவு திறந்திருந்தது. அதே பெரியபுராணத்தில் நந்தனுக்கு எந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதும் இருக்கிறது.

நம் கதைக்கு வருவோம். தூத்துக்குடி.

என் அம்மா உப்பளத்தில் உப்பு வாரியவள். சித்தப்பா ஹார்பரில் சுமை தூக்கியவர். இரவு இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு எழுந்து அளத்துக்குப் போவாள். வெயில் ஏறும் முன் வேலை முடிய வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு கடுங்காப்பி. விடிந்தபிறகு தூக்குச்சட்டியில் கொண்டுபோன பழைய கஞ்சி. கஞ்சி குடித்த கையோடு மறுபடி பாத்தியில் இறங்கிக் குனிய வேண்டும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியிருப்பாள், இல்லாவிட்டால் சுமை தூக்கும்போது இடுப்பு நிற்காது. குனிந்து நிமிரும்போது குடித்த கஞ்சி புளித்துக்கொண்டு தொண்டைக்கு வரும். “எதுக்களிச்சிட்டே இருக்குய்யா, நெஞ்சுக்குழியில தீய வச்ச மாதிரி இருக்கு” என்பாள். உப்பும் கரிக்கும், நெஞ்சும் கரிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

எதுக்களிப்பு என்று நம் மக்களிடம் ஒரு துல்லியமான சொல் இருக்கிறது. நெஞ்சுக்குழி என்று இடத்தைக் காட்ட ஒரு சொல் இருக்கிறது. புளிச்சேப்பம், வயித்தெரிச்சல், பசிச்சா வலிக்கி, தின்னா வலிக்கி, முதுகுக்கு ஊடுருவுது, வலது விலாவுல பிடிக்கி, இப்படி எத்தனையோ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைக் காட்டுகிற கைகாட்டி மரம். ஆனால் மருந்துக்கடை வாசலில் போய் நின்றதும் இத்தனை சொல்லும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது: ‘கேஸ்’. “அண்ணாச்சி, கேஸுக்கு ஒரு மாத்திர குடுங்க.” மருத்துவரும் அதையே சொல்கிறார். “கேஸ்தாம்மா, ஒண்ணுமில்ல.” இந்த ஒண்ணுமில்லதான் நம்மைக் கொல்கிறது. கேஸ் என்று ஒரு நோய் கிடையாது, தோழர்களே. விசாரணையை நிறுத்துவதற்கு வைத்த பெயர் அது. போலீஸ்காரர் ‘வயிற்றுவலி’ என்று எழுதிக் கோப்பை மூடுவது மாதிரி, மருத்துவர் ‘கேஸ்’ என்று சொல்லி நம் வயிற்றை மூடிவிடுகிறார்.

மேல்வயிற்றில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். நெஞ்சுக்குழிக்குக் கீழே இரைப்பை. அதன் வாயில் உணவுக்குழாய் வந்து சேருகிற இடத்தில் ஒரு இறுக்குத் தசை உண்டு, பையின் வாயைச் சுருக்குக் கயிறு கட்டினாற்போல. அது தளர்ந்தால் அமிலம் மேலே வரும். அதுதான் எதுக்களிப்பு. குனிந்தால் கூடும், தின்றவுடன் படுத்தால் கூடும். இரைப்பையிலோ அதை அடுத்த முன்சிறுகுடலிலோ புண் வந்தால் அது அல்சர். முன்சிறுகுடல் புண் என்றால் பெரும்பாலும் வெறும் வயிற்றில் வலிக்கும், நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், ஏதாவது தின்றால் கொஞ்சம் அடங்கும். வலது பக்கம் பித்தப்பை. அதில் கல் இருந்தால் எண்ணெய்ப் பண்டம் தின்ற பிறகு வலது விலாவில் பிடித்துத் தோள்பட்டைக்கு ஏறும். பின்னால் கணையம். அதன் வலி முதுகுக்கு ஊடுருவும், குடிப்பவர்களுக்கு அதிகம் வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு மெல்லிய தசைத் திரைக்கு அந்தப் பக்கம், இதயம். இத்தனை பேர் குடியிருக்கிற தெருவில் எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் ‘கேஸ்’ என்றால் எப்படி?

சித்தப்பா கதை அதுதான். ஹார்பரில் பதிவு பெற்ற தொழிலாளிக்கு மருத்துவ வசதி உண்டு. அவர் கங்காணியிடம் கூலிக்குப் போனவர். ஒருநாள் மூட்டை தூக்கும்போது மேல்வயிற்றில் அடைத்தது, வேர்த்துக் கொட்டியது. கூட நின்றவர்கள் “கேஸ்தாம்ல, ஒரு சோடா குடி” என்றார்கள். குடித்தார். ஏப்பம் வந்தது. ஏப்பம் வந்ததால் கேஸ் என்றே முடிவாயிற்று. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் அடைப்பு வந்தால் வலி நெஞ்சில் வராமல் நெஞ்சுக்குழியில் வரலாம், வாந்தியும் ஏப்பமும் சேர்ந்து வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே தெளிவாக இல்லாமல் வரலாம். வேர்வை, மூச்சிரைப்பு, தாடைக்கோ கைக்கோ பரவுவது, வேலை செய்தால் கூடி உட்கார்ந்தால் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சோடாக்கடைக்குப் போகாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. 2023ல் தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் வந்தது. மாரடைப்பு என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல திட்டம். ஆனால் கேஸ் என்று நாமே முடிவு கட்டிச் சோடா குடித்துக்கொண்டிருந்தால் அந்த மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும்.

இனி அம்மா கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அவள் கதை மட்டுமில்லை.

உப்பு வாருகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் மேல்வலி இல்லாத நாள் கிடையாது. முட்டு, இடுப்பு, கழுத்து. ராத்திரி வலித்தால் அதிகாலை வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் கூலி கிடையாது. அதற்கு மருந்துக்கடையில் ‘செட்டு’ உண்டு. ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் மூன்று நாலு உதிரி மாத்திரைகள். பெயர் கிடையாது, அட்டை கிடையாது. அதில் டைக்ளோபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும், பல நேரம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். போட்டால் அரை மணியில் வலி பறந்துவிடும். அண்ணாச்சி கை ராசியான கை என்று பேர் வாங்குவார். அம்மா இதை ஏழெட்டு வருஷம் தின்றாள். வாரத்தில் நாலு நாள், வெறும் வயிற்றில், கடுங்காப்பியோடு.

வலி மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று யாராவது அவளிடம் சொன்னார்களா? இரைப்பைக்கு உள்ளே ஒரு வழுவழுப்பான பூச்சு உண்டு. அந்தப் பூச்சுதான் நம் அமிலத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது. அந்தப் பூச்சை உண்டாக்கச் சொல்கிற பொருளும் மூட்டில் வலியை உண்டாக்குகிற பொருளும் ஒரே குடும்பம். மாத்திரை இரண்டையும் சேர்த்தே அடக்கும். மூட்டு வலி போகும், இரைப்பைக் காவலும் போகும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண் வருகிற, ரத்தம் கசிகிற ஆபத்து இன்னும் கூடும். இதில் மோசம் என்னவென்றால், வலி மாத்திரை புண்ணின் வலியையும் மறைத்துவிடும். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

கசிகிற ரத்தம் வயிற்றுக்குள் செரித்து, மலம் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போகும். எந்த மருத்துவப் புத்தகத்திலும் எழுதியிருக்கிற அபாய அறிகுறி இது. ஆனால் உப்பளத்தில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? பொம்பளைகள் இருட்டில் போய்விட்டு இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். மலம் கறுப்பா மஞ்சளா என்று எந்த வெளிச்சத்தில் பார்ப்பது? அம்மாவுக்குக் கறுப்பாகப் போனது எத்தனை நாளோ, யாருக்கும் தெரியாது. முகம் வெளுத்தது. நடந்தால் மூச்சு வாங்கியது. “வயசாயிட்டுல்லா” என்றாள். ஒருநாள் தலைச்சுமையோடு வரப்பில் விழுந்தாள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023ல் வெளியான ஒரு ஆய்வில், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவர்கள் உடல் தாங்கக்கூடிய அளவைவிடக் கூடுதல் வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், சுமார் 7 சதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருக்கிறது என்று கண்டார்கள். கக்கூஸ் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை நேராகச் சிறுநீரகத்தில் போய் அடிக்கும். ஒரே பொட்டலம், இரண்டு இடத்தில் அடி.

அம்மா விழுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஊரு?” ஊரைச் சொன்னதும் தெருவும் தெரிந்துவிடும் அல்லவா நம் பக்கத்தில்? “என்ன செய்யுது உனக்கு?” அம்மா சொல்ல ஆரம்பித்தாள், பாதியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். “காரம் சாப்பிடாத. டயத்துக்குச் சாப்பிடு. டென்ஷன் ஆகாத.” ஒரு ஊசி, அதையும் நர்ஸ்தான் போட்டார். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: “வயித்தத் தொட்டே பாக்கலயேய்யா.”

தொட்டே பார்க்கவில்லை. மேல்வயிற்று வலியைத் தொடாமல் கண்டுபிடிக்க முடியாது. படுக்க வைத்து, நெஞ்சுக்குழியில் அழுத்தி, வலது விலாவில் அழுத்தி மூச்சை இழுக்கச் சொல்லி, கண் இமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா பார்த்து, இப்படித்தான் தொடங்க வேண்டும். எல்லா மருத்துவரும் சாதி பார்த்துத்தான் தொடாமல் விடுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு காலைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்குக் கை ஓய்ந்துபோகும் என்பதும் தெரியும். ஆனால் கை ஓய்கிறபோது யாரைத் தொடாமல் விடலாம் என்பதை முடிவு செய்கிறது எது? குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு எப்படி மருத்துவம் கிடைக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010ல் வந்தது. தொடாமல் மருந்து கொடுப்பதை அதில் பதிவு செய்திருக்கிறார். அது வடநாட்டுக் கதை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். தீண்டாமையை டீக்கடைத் தம்ளரில் தேடிய நாம் ஸ்டெதாஸ்கோப்பில் தேடவில்லை.

அந்த மருத்துவர் சொன்ன மூன்று புத்திமதிகளை எடுத்துக்கொள்வோம். காரம், நேரம், டென்ஷன். மூன்றும் நோயாளியின் குற்றம். அல்சர் என்பது கவலையாலும் காரத்தாலும் வருகிறது என்றுதான் நெடுங்காலம் மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தது. இதைப் புரட்டிப்போட்டவர்கள் நம் கடலுக்கு அக்கரையில் இருந்தவர்கள். இதே இந்துமாக்கடலின் தென்கிழக்கு முனையில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள், வளரவில்லை. 1982ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் தட்டுகளை வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று பெரியவர்கள் சிரித்தார்கள். 1984ல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது, கிருமியும் இருந்தது. அந்தக் கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அல்சருக்கு இன்று சொல்லப்படுகிற பெரிய காரணங்கள் இரண்டுதான். இந்தக் கிருமி, இல்லையென்றால் வலி மாத்திரை. பீடி சிகரெட் புண்ணை ஆறவிடாது. காரம் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்குவதில்லை. கிருமி எப்படி வருகிறது? பெரும்பாலும் சின்ன வயசிலேயே, நெருக்கடியான வீட்டில், சுத்தமில்லாத தண்ணீரில், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு. இந்தியாவில் வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இது இருக்கிறது. பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய். 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளில் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஆக, பிரச்சினை அம்மாவின் மிளகாயில் இல்லை. ஒரு அறை வீட்டில் எட்டுப் பேர் படுத்ததில் இருக்கிறது, தெருக்குழாயில் இருக்கிறது, செட்டுப் பொட்டலத்தில் இருக்கிறது. கொடியன்குளத்தில் 1995ல் கிணற்றைப் பாழாக்கினார்கள் என்று கொதித்தோம். நாள்தோறும் பாழான தண்ணீர் குடிப்பதற்கு அந்தக் கொதிப்பு வரவில்லை.

குடியைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் கேள்வி “தண்ணி அடிப்பியா?” அம்மாவிடமே “புருஷன் குடிப்பாரா?” என்று கேட்டிருக்கிறார்கள், வலி அவளுக்கு. இது அவமானம்தான். அதற்காகக் குடி ஒன்றும் செய்யாது என்று நாம் வாதாட வேண்டியதில்லை. அது இரைப்பையை அரிக்கிறது, கணையத்தைக் கெடுக்கிறது, ஈரலைச் சுருக்குகிறது. 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது என்பதும் நிஜம், நம் தோழர்கள் பலர் கூட்டம் முடிந்து நேராக அங்கேதான் போகிறார்கள் என்பதும் நிஜம்.

நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறவன் இல்லை நான். அயோத்திதாசப் பண்டிதரே சித்த மருத்துவர். சுக்கும் ஓமமும் செரியாமைக்குக் கேட்கும். ஆனால் தார் மாதிரிப் போகிறபோது ஓமத் தண்ணி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே எப்போது ஓட வேண்டும் என்பதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் மாதிரி வாந்தி. கறுப்பு மலம் (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்). சோறு தொண்டையில் நிற்பது. காரணமில்லாமல் மெலிவது. ஓயாத வாந்தி. கண் மஞ்சளாவது. திடீரென்று கத்தியால் குத்தினாற்போல வலித்து வயிறு பலகையாகிவிட்டால் குடல் ஓட்டையாகியிருக்கலாம், அது மணிக்கணக்குப் பிரச்சினை, 108. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக வலி தொடங்கினால் மாத்திரையோடு விடாமல் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இவை ஒன்றும் இல்லாமல் வெறும் எதுக்களிப்பு, எரிச்சல் என்றால் ஒமிப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் போதும். அதைச் சோற்றுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும், தின்ற பிறகு போட்டுப் பயன் குறைவு. சில வாரம் போட்டும் நிற்கவில்லை என்றால், அல்லது நிறுத்தினால் திரும்புகிறது என்றால், வருஷக்கணக்கில் தின்றுகொண்டிருக்காமல் பரிசோதனை கேளுங்கள். ரானிடிடினை இன்னும் பழக்கத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2022ல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ‘தின்றவுடன் படுக்காதே, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படு’ என்ற புத்திமதி சரியானதுதான். இரவு வேலை பார்த்து வந்து ஒரு வாய் தின்று அப்படியே சரிகிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கச் சொல்லலாம். அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. மேல்வலிக்கு முதலில் பாரசிட்டமால். வேறு மாத்திரை தேவைப்பட்டால் அட்டையோடு, பெயரோடு, மருத்துவர் சீட்டோடு.

கிருமி இருப்பதாகத் தெரிந்தால் அமிலம் குறைக்கும் மருந்தோடு ஒன்றுக்கு மேற்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சேர்த்துப் பதினாலு நாள் கொடுப்பார்கள். வாய் கசக்கும், வயிற்றைப் புரட்டும். ஐந்தாம் நாள் வலி நின்றதும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். நம் நாட்டில் ஏற்கனவே பழகி வருகிறது.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனது அரசு ஆஸ்பத்திரிக்கு. தூத்துக்குடிக்கு 2000ல் மருத்துவக் கல்லூரி வந்தது. அரசு மருத்துவமனை என்றால் முகம் சுளிக்கிற பழக்கம் நம் படித்த பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. கூட்டம், வரிசை, அதட்டல் எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம் 1995ல் வேலையைத் தொடங்கியது முதல் அரசு மருந்து வாங்குவதிலும் கொடுப்பதிலும் ஒரு ஒழுங்கு வந்தது, அது பல மாநிலங்களில் இல்லை. அது நம் உரிமை, யாரும் போட்ட பிச்சை இல்லை. அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். முன்சிறுகுடலில் புண். கிருமியும் இருந்தது. ஏழெட்டு வருஷத்து வலிக்குக் காரணம் தெரிய ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. பதினாலு நாள் மருந்து. வலி போய்விட்டது. ‘தீராத’ என்று எழுதுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து யாராவது வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடப் போங்கள். எப்போது வலிக்கிறது, எங்கே, எவ்வளவு நாளாக, என்ன செட்டுத் தின்கிறார், மலம் எப்படி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். “டாக்டர், வயித்தப் பாத்துச் சொல்லுங்க” என்று மரியாதையாக, ஆனால் நின்று கேளுங்கள். கேஸ் என்றால் என்ன நோய் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், பேப்பரில் அந்த விரற்கடைச் செய்தி வந்தால் அந்த வீட்டுக்குப் போங்கள். எங்கெல்லாம் காட்டினார்கள், என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு வருஷம் இதைச் செய்தாலே போதும், ஆட்சியர் மேசையில் போட ஒரு கட்டு சேர்ந்துவிடும். அளங்களில் கக்கூஸ், குடிதண்ணீர், அதிகாலை வேலை நேரத்துக்கு ஏற்ற மருத்துவ முகாம், உதிரி மாத்திரை விற்பனைக்குத் தடை, இவற்றைக் கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்த்தே வைக்க வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் கூலிக்கு அடுத்தபடியாகக்கூட வயிற்றைப் பேசுவதில்லை.

அம்மா இப்போது அளத்துக்குப் போவதில்லை. ஆனால் அவளோடு வாரியவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாருக்கும் காப்பி கொடுக்கும் முன் கண் இமையை இழுத்துப் பார்க்கிறாள். போன வாரம் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இருட்டுல போனாலும் போன்ல லைட்ட அடிச்சுப் பாத்துட்டு வாங்கடி. வெக்கமென்ன, நம்ம வயிறுதானே.”